சொல்லை நம்பாத சட்டம், பொருளை நம்பிய வரலாறு: இந்தியாவில் சோதனையும் பறிமுதலும்

1908ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் விடியற்காலையில், கல்கத்தா கிரே தெருவில் இருந்த ஒரு வீட்டுக்குள் காவல்துறையினர் புகுந்தனர். உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் அரவிந்த கோஷ். அவருக்குக் கைவிலங்கு பூட்டப்பட்டது. இடுப்பில் கயிறு கட்டப்பட்டது. பின்னர் பெட்டிகளும் அலமாரிகளும் திறக்கப்பட்டன. கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் அள்ளப்பட்டன. ஒரு சிறிய அட்டைப் பெட்டியில் தட்சிணேசுவரத்து மண் இருந்தது. சோதனைக்கு வந்த ஆங்கில அதிகாரி அதனை நெடுநேரம் ஐயத்தோடு ஆராய்ந்தார். புதுவகை வெடிமருந்தாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்கு. இதனை அரவிந்தரே தம் சிறை நினைவுகளில் எள்ளலோடு பதிவு செய்திருக்கிறார்.

அதே நாளில் மாணிக்தலாத் தோட்டத்திலும் சோதனை நடந்தது. அங்கிருந்து வெடிகுண்டுகளும் ஆயுதங்களும் கைப்பற்றப்பட்டன. அலிப்பூர் சதி வழக்கு என்று வரலாறு அறிந்த அந்த வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடியவர் சென்னையிலிருந்து சென்ற வழக்கறிஞர் ஏர்ட்லி நார்ட்டன். எதிர்த்தரப்பில் நின்றவர் சித்தரஞ்சன் தாஸ். 1909 மே மாதத்தில் அரவிந்தர் விடுதலை பெற்றார். அவருடைய தம்பி பாரீந்திர குமார் கோஷ் உள்ளிட்டோர் தண்டனை பெற்று, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர்.

அம்மேல்முறையீட்டில் தாஸ் எழுப்பிய வாதங்களுள் ஒன்று இந்தியச் சட்ட வரலாற்றில் நெடுங்காலம் எதிரொலித்தது. சோதனைகள் நடந்தபோது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதிகள் அறவே மீறப்பட்டன. ஆகவே அச்சோதனைகளில் கிடைத்த பொருள்களைச் சான்றாக ஏற்கக் கூடாது என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் அதனை ஏற்கவில்லை. விதிமீறலைத் தாம் ஆதரிக்கவில்லை என்று முதலில் சொல்லிக்கொண்டார். ஆனால் வழக்கோடு தொடர்புடைய ஒரு பொருள், விதிமீறிய சோதனையில் கிடைத்தது என்பதனாலேயே தொடர்பற்றதாகிவிடாது என்று முடித்தார்.

பேரரசுக்கு எதிராகச் சதி செய்தோர்மீதான வழக்கில் அப்பேரரசின் நீதிமன்றம் வகுத்த அந்த விதி, பேரரசு போன பின்னும் போகவில்லை. 64 ஆண்டுகளுக்குப் பின், 1973இல், சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் அதனையே எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தியாவுக்கு ஓர் அரசமைப்புச் சட்டம் வந்திருந்தது. அடிப்படை உரிமைகள் வந்திருந்தன. இருந்தும் ஜென்கின்ஸின் விதி எவ்வாறு நிலைத்தது?

விடைக்குச் சட்டம் என்ன பாதுகாப்பை அளித்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, சோதனை செய்பவர் அவ்வட்டாரத்தைச் சேர்ந்த மதிப்புக்குரிய இருவரையேனும் அழைத்து அவர்கள் முன்னிலையில் சோதனையிட வேண்டும் என்றது. கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதி அச்சாட்சிகளின் கையொப்பம் பெற வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் உடனிருக்க உரிமை உண்டு. பட்டியலின் படி அவருக்குத் தரப்பட வேண்டும். 165ஆம் பிரிவு, நடுவரின் ஆணை பெறக் காலமில்லாத போது காவல் அதிகாரி தாமே சோதனையிடலாம் என்றது. ஆனால் தம் நம்பிக்கைக்கான காரணங்களையும், தேடப்படும் பொருள் இன்னதென்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாவது 100ஆம் பிரிவாயிற்று. இரண்டாவது அதே எண்ணோடு தொடர்ந்தது. ‘மதிப்புக்குரிய’ என்ற அடைமொழியோடு ‘சார்பற்ற’ என்பதும் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழகக் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் இன்றும் அப்பட்டியல் ‘மகஜர்’ என்றே வழங்குகிறது. வடக்கிலும் மேற்கிலும் அது ‘பஞ்சநாமா’. ஐவரைக் குறிக்கும் இந்தியச் சொல்லும் ஆவணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் இணைந்த கூட்டு. மகஜர் என்பது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. ‘முன்னிலை’ என்பதே அதன் வேர்ப்பொருள். நீதிமன்றத்தில் ‘ஆஜர்’ ஆவதும், பழைய ‘உசூர்’ கச்சேரியும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. அயலார் முன்னிலையில் நிகழ்ந்ததற்கு அவர்கள் இட்ட ஒப்பமே மகஜர். காவலர் தாமே கொண்டுவந்து வைத்துத் தாமே ‘கண்டெடுக்க’ முடியாதபடி, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணைச் சட்டம் காவலுக்கு வைத்தது.

தன் காவல்துறையையே சட்டம் ஏன் இவ்வளவு ஐயுற்றது? அந்த ஐயத்தின் ஒரு வேர் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. வரி வசூலுக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் குடிகள் வதைக்கப்பட்டதை விசாரித்த சென்னைச் சித்திரவதை ஆணையம் 1855இல் தன் அறிக்கையை அளித்தது. 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தத் தடை விதித்தது. அத்தடை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நிலைபெற்றது. வாக்குமூலம் உண்மையா பொய்யா என்று அப்பிரிவு கேட்பதில்லை. காவலரிடம் சொன்னது என்றால் போதும். நீதிமன்றத்தின் வாசலில் அது நின்றுவிடும்.

இங்கேதான் முரண் தொடங்குகிறது. காவலர் பெற்ற சொல்லை நம்பாத அதே சட்டம், காவலர் கொண்டுவந்த பொருளை நம்பியது. வதைத்துப் பெற்ற சொல் பொய்யாக இருக்கலாம். துப்பாக்கி எப்படிக் கிடைத்தாலும் துப்பாக்கிதானே என்பது அதன் தருக்கம். சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இத்தருக்கத்தின் உச்சம்: காவலிலிருப்பவரின் சொல் ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிவகுத்தால், அப்பொருளோடு தொடர்புடைய அளவுக்கு அச்சொல்லும் உள்ளே வரலாம். பொருள் சொல்லைத் தூய்மைப்படுத்திவிடும் என்ற நம்பிக்கை இது. பொருளையும் கொண்டுவந்து வைக்க முடியும் என்பதை மகஜர் விதி அறிந்திருந்தது. ஆனால் அவ்விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை.

இங்கிலாந்தில் அக்கேள்விக்கு ஒரு விடை இருந்தது. 1762இல் எழுத்தாளர் ஜான் என்டிக்கின் வீட்டுக்குள் அரசரின் ஏவலர்கள் அமைச்சரின் ஆணையோடு புகுந்து தாள்களை அள்ளிச் சென்றனர். என்டிக் வழக்குத் தொடுத்தார். 1765இல் கேம்டன் பிரபு அந்த ஆணைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளிக்க, என்டிக்குக்கு 300 பவுன் இழப்பீடு உறுதியாயிற்று. அத்துமீறிய அதிகாரி தம் கைப்பொருளிலிருந்து ஈடு செலுத்த வேண்டும் என்பது ஆங்கில வழி. அந்த வழி திறந்திருந்ததால்தான், 1861இல் லெதம் வழக்கில் ஆங்கில நீதிபதி ஒருவர், சான்று திருடப்பட்டதாயினும் ஏற்கலாம் என்ற கருத்தை எளிதாகக் கூற முடிந்தது. ஒரு கதவு அடைபட்டாலும் மறு கதவு திறந்திருந்தது.

இந்தியாவில் அம்மறு கதவைத் தட்டியவர் ஒரு ஜமீன்தார். 1907இல் மைமன்சிங் மாவட்டத்து ஜமால்பூரில் கலவரம் மூண்டபோது, ஆயுதம் தேடி மாவட்ட நடுவர் கிளார்க், பிரஜேந்திர கிஷோர் ராய் சௌத்ரியின் கச்சேரியைச் சோதனையிட்டார். ஜமீன்தார் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். கல்கத்தா உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1912இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதனைத் தலைகீழாக்கியது. நடுவர் தம் அதிகாரத்துக்குட்பட்டே செயல்பட்டார் என்றது. இழப்பீட்டுக் கதவு இவ்வாறு பாதி சாத்தப்பட்டது.

மீதிப் பாதி சுதந்திரத்துக்குப் பின் சாத்தப்பட்டது. 1947 செப்டம்பரில் மீரட்டில் கஸ்தூரிலால் ரலியா ராம் நிறுவனத்தின் பங்குதாரரான ரலியா ராமைக் காவலர் தடுத்து நிறுத்தி, அவரிடமிருந்த தங்கத்தையும் வெள்ளியையும் கைப்பற்றினர். வெள்ளி பின்னர் திரும்பக் கிடைத்தது. தங்கத்தைப் பொறுப்பில் வைத்திருந்த தலைமைக் காவலர் அதனைக் கையாடி, எல்லை கடந்து பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். அரசு ஈடு செலுத்த வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காவலரின் கவனக்குறைவை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும் கைப்பற்றுதல் இறையாண்மை சார்ந்த பணி, ஆகவே அரசு பொறுப்பாகாது என்று 1964இல் தீர்ப்பளித்தது. தங்கம் போனது போனதுதான்.

வீடே கோட்டை என்ற ஆங்கில வாசகம் எல்லா வீடுகளுக்கும் என்றுமே பொருந்தியதில்லை என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பதிந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. பதியப்பட்டோரின் குடியிருப்புகளைப் பார்வையிட விதிகள் வகுக்கும் அதிகாரமும் அரசுக்கு இருந்தது. காரணத்தை எழுதி வை, மதிப்புக்குரிய இருவரை அழை என்ற விதிகள் ஒரு தெருவுக்கு இருந்தபோது, அடுத்த தெருவுக்கு வருகைப் பதிவேடு இருந்தது. ‘மதிப்புக்குரிய’ என்ற சொல்லும் யாரை உள்ளே வைத்து யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்கத் தகும்.

அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்ட காலம் இவ்வரலாற்றைத் திருப்பியிருக்கக் கூடிய தருணம். 1947இல் அடிப்படை உரிமைகள் துணைக்குழுவின் முன் வைக்கப்பட்ட வரைவுகளில், நியாயமற்ற சோதனைக்கும் கைப்பற்றுதலுக்கும் எதிரான உரிமை இடம்பெற்றிருந்தது. அம்பேத்கரின் வரைவில் அது அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தத்தை ஒட்டி அமைந்தது. முன்ஷியின் வரைவிலும் வீட்டின் மீறப்படாமை இருந்தது. எதிர்ப்பு இரு சட்ட அறிஞர்களிடமிருந்து வந்தது. ஆணையின்றிச் சோதனையே கூடாது என்று பொருள்பட்டால் காவல்துறையின் புலனாய்வு முடங்கும் என்றார் பி. என். ராவ். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், அமெரிக்கா அரசமைப்பை எழுதிய காலத்துச் சூழல் வேறு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழங்கிவரும் இந்தியாவின் சூழல் வேறு என்றார். எந்தச் சோதனை நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் வழக்குதோறும் முடிவு செய்ய நேரும் என்பதும் அவர் கவலை. ஆலோசனைக் குழுவின் கட்டத்தில் அவ்வுரிமை கைவிடப்பட்டது.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையது கரீமுத்தீன் அதனைத் திருத்தமாக மீண்டும் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கத் தயார் என்றார். அவர் தந்த காரணம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இதில் புதுமை ஏதுமில்லை, எல்லாம் நடைமுறைச் சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் நாளைய சட்டமன்றம் அதனை நீக்கிவிடக் கூடும், ஆகவே தனிமனித விடுதலையைக் கருதி அதனைச் சட்டமன்றத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது என்பது அவர் நிலை. சட்டத்தில் இருக்கிறது, ஆகவே அரசமைப்பில் வேண்டாம் என்றார் அல்லாடி. சட்டத்தில் மட்டும் இருக்கிறது, ஆகவே அரசமைப்பிலும் வேண்டும் என்றார் அம்பேத்கர். ஒரே உண்மையிலிருந்து இரு எதிரெதிர் முடிவுகள். அம்பேத்கரின் ஆதரவு இருந்தும் திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றது.

அந்தத் தோல்விக்கு நீதிமன்றம் தந்த பொருள்தான் அடுத்த அறுபது ஆண்டுகளை வடிவமைத்தது. 1953 நவம்பரில் டால்மியா குழும நிறுவனம் ஒன்றின் கணக்குகள் தொடர்பாக 34 இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. எதிர்த்துத் தொடுக்கப்பட்ட எம். பி. சர்மா வழக்கை எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்து, 1954 மார்ச் 15 அன்று தீர்ப்பளித்தது. சோதனையும் கைப்பற்றுதலும் சமூகப் பாதுகாப்புக்காக அரசுக்குள்ள மேலோங்கிய அதிகாரம். அமெரிக்க நான்காம் திருத்தம் போன்றதோர் அந்தரங்க உரிமையை அரசமைப்பை வகுத்தவர்கள் தரத் தகுந்ததெனக் கருதவில்லை. ஆகவே நீதிமன்றம் அதனை வலிந்து கொண்டுவர இயலாது என்றது அமர்வு. தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் 20(3) உறுப்பும் உதவவில்லை. சோதனையில் குடியிருப்பவர் எதையும் தருவதில்லை, அதிகாரி எடுப்பதற்கு இணங்கி நிற்கிறார், அவ்வளவே என்பது விளக்கம். சொல்லுக்குக் காப்பு, பொருளுக்கு இல்லை என்ற பழைய கோடு அரசமைப்புக்குள்ளும் நீண்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து வந்த கரக் சிங் வழக்கில் கோடு சற்றே நெளிந்தது. 1941இல் கொள்ளை வழக்கொன்றில் பிடிக்கப்பட்டுச் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்டவர் அவர். ஆனால் அவர் பெயரில் காவல் நிலையத்தில் குற்ற வரலாற்றேடு திறக்கப்பட்டிருந்தது; நள்ளிரவில் காவலர் வந்து கதவைத் தட்டுவது வழக்கமாயிற்று. 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இரவில் வீடு புகும் அவ்விதியை மட்டும் செல்லாதென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ராஜகோபால அய்யங்கார், அந்தரங்கம் உறுதி செய்யப்பட்ட உரிமையன்று என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். அந்தரங்கம் தனிமனித விடுதலையின் இன்றியமையாக் கூறு என்று சுப்பாராவ் எழுதிய மாற்றுத் தீர்ப்பு, தன் காலத்துக்காகக் காத்திருந்தது.

ஆக, விதிமீறிய சோதனைக்கு ஆளானவர் என்னதான் செய்யலாம்? நீதிமன்றம் இரு விடைகள் தந்தது. ராஜஸ்தான் அரசு எதிர் ரகுமான் வழக்கில், காரணத்தை எழுதிவைக்காமல் புகையிலை தேடி வந்த கலால் அலுவலரைத் தடுத்தது குற்றமாகாது என்றது. ராதாகிஷன் என்ற தபால்காரரின் வழக்கில், சட்டத்துக்குப் புறம்பான சோதனையை வீட்டுக்காரர் எதிர்க்கலாம், அவ்வாறு கிடைத்த சான்றை நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு ஆராயலாம். ஆயினும் கைப்பற்றுதல் செல்லாததாகாது என்றது. எதிர்க்கலாம் என்ற உரிமையின் மதிப்பை ஒரு குடிசை வாசலில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் ஆய்வாளர் காரணத்தை எழுதினாரா இல்லையா என்பது அந்நேரத்தில் வீட்டுக்காரருக்குத் தெரிய வழியில்லை. தவறாகக் கணித்து எதிர்த்தால் வழக்கு அவர்மீதே பாயும்.

1973 டிசம்பரில் பூரண் மல் வழக்கு இவ்விவாதத்தை முடித்துவைத்தது போலத் தோன்றியது. வருமான வரிச் சோதனை பற்றிய அவ்வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சட்டமோ அரசமைப்போ வெளிப்படையாகத் தடுக்காத வரை, சட்டமீறிய சோதனையில் கிடைத்த சான்றையும் ஏற்கலாம், தொடர்புடையதா என்பதே உரைகல் என்றது. அது துணைக்கழைத்த முன்தீர்ப்புகளுள் ஒன்று பாரீந்திர கோஷ் வழக்கில் ஜென்கின்ஸ் சொன்னது. மற்றொன்று கென்யாவிலிருந்து வந்த குருமா வழக்கு. மாவ் மாவ் அவசர நிலைக் காலத்தில் மிதிவண்டியில் வந்த குருமா என்ற தொழிலாளியைச் சோதனையிடும் தகுதி அற்ற கீழ்நிலைக் காவலர்கள் சோதனையிட்டு, இரு தோட்டாக்களைக் கண்டதாகச் சொன்னார்கள். அவருக்கு மரண தண்டனை. பிரிவி கவுன்சில் அவர் மேல்முறையீட்டைத் தள்ளியது. குடிமக்களை எதிரிகளாகக் கண்ட இரு ஆட்சிகளின் தீர்ப்புகள் குடியரசு ஒன்றின் விதிக்கு அடித்தளமாயின.

இவ்விதிக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காவலர் தவறினார் என்பதற்காகக் குற்றவாளி ஏன் தப்ப வேண்டும் என்ற வினா அமெரிக்காவிலும் கடுமையாக எழுந்தது. கொலைக் கருவி கண்ணெதிரே இருக்க, பட்டியலில் ஓர் ஒப்பம் விடுபட்டது என்று விடுதலை அளித்தால், கொலையுண்டவரின் குடும்பத்துக்கு நீதிமன்றம் என்ன சொல்லும்? ஆனால் இவ்வினாவுக்கு ஒரு மறுவினா உண்டு. அதிகாரியைத் தண்டிக்கவும் இயலாது, அரசிடம் ஈடும் பெற இயலாது, சான்றும் தங்கு தடையின்றி உள்ளே வரும் என்றால், 165ஆம் பிரிவை எழுதியதன் பயன் என்ன? இவ்விரு வினாக்களுக்கும் இடையே ஒரு வழியை நீதிபதி கே. கே. மேத்யூ தலைமையிலான சட்ட ஆணையம் 1983இல் தன் 94ஆம் அறிக்கையில் முன்வைத்தது. எல்லாச் சான்றையும் விலக்க வேண்டா. மீறலின் தன்மை, அதன் கடுமை, அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பவற்றை எடைபோட்டு, நீதி வழங்கலின் பெயருக்கே இழுக்கு நேருமிடத்தில் விலக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தரலாம் என்றது. சாட்சியச் சட்டத்தில் 166-அ என்ற புதுப் பிரிவைப் பரிந்துரைத்தது. அப்பிரிவு சட்டமாகவில்லை. 2023இல் சாட்சியச் சட்டமே மாற்றி எழுதப்பட்ட போதும் அது இடம்பெறவில்லை.

மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது; வணிக அளவுக்குக் குறைந்தது பத்து ஆண்டுச் சிறை; கையில் இருந்தாலே குற்ற மனம் இருந்ததாக ஊகிக்கப்படும். அக்கடுமைக்கு எதிர்நிறையாக 50ஆம் பிரிவு, சோதனைக்கு ஆளாகும் ஒருவர் விரும்பினால் நடுவர் முன்னிலையிலோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையிலோதான் அவரைச் சோதிக்க வேண்டும் என்றது. இதுவும் ‘முன்னிலை’தான், மகஜரின் பழைய கருத்து புதிய உடையில் வந்தது. 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசமைப்பு அமர்வு, அவ்வுரிமை இருப்பதை அந்த நபரிடம் சொல்லியாக வேண்டும். அதனை மீறிய சோதனையில் கிடைத்த பொருளை, அவர் வசம் இருந்ததற்கான சான்றாகக் கொள்ளலாகாது என்றது. 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் மற்றோர் அமர்வு அதனை மேலும் உறுதியாக்கியது.

இக்கதவும் அகலத் திறக்கவில்லை. 50ஆம் பிரிவு உடலைச் சோதிப்பதற்கே, பைக்கு அன்று என்று 2005இல் பவன் குமார் வழக்கு வரம்பு கட்டியது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அவசரச் சூழலுக்கு விலக்கு அளித்தது. ஆனாலும் பல்தேவ் சிங் தீர்ப்பு ஒன்றை நிறுவிவிட்டது: தண்டனை எவ்வளவு கடுமையோ, நடைமுறையும் அவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும். 2020இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூபான் சிங் வழக்கு, போதைப்பொருள் சட்ட அதிகாரிகளிடம் அளித்த ஒப்புதலையும் சான்றாகக் கொள்ளலாகாது என்று, 1855இன் ஐயத்தை அச்சட்டத்துக்கும் நீட்டியது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். அந்தரங்கத்தை மறுத்த அளவில் எம். பி. சர்மா தீர்ப்பும் கரக் சிங் தீர்ப்பும் வீழ்ந்தன. சுப்பாராவின் மாற்றுக்குரல் 55 ஆண்டுகள் கழித்துச் சட்டமாயிற்று. பூரண் மல் தீர்ப்பு எம். பி. சர்மாவின் மேல் சாய்ந்து நின்றது. சுவர் போன பின்னும் சாய்ந்தது விழவில்லை. அதனை நேரடியாக மறுஆய்வு செய்யும் வழக்கு இன்னும் பேரமர்வின் முன் முடிவாகவில்லை. அதே 2017இல் நிதிச் சட்டம், வருமான வரிச் சோதனைக்கான காரணத்தை எவருக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும்கூட, வெளியிட வேண்டியதில்லை என்று முன்தேதியிட்டுத் திருத்தியது. காரணத்தை எழுதிவை என்ற 165ஆம் பிரிவின் அறத்துக்கு நேர் எதிர்த்திசை அது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பழைய 100ஐ 103 ஆகவும், 165ஐ 185 ஆகவும் தொடர்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளி வடிவில் பதிய வேண்டும் என்ற 105ஆம் பிரிவு புதியது. அயலாரின் கண்ணுக்குத் துணையாகக் கைபேசியின் கண் வந்திருக்கிறது. இது சிறிய மாற்றமன்று. மகஜர் சாட்சிகள் நடைமுறையில் என்ன ஆனார்கள் என்பது விசாரணை நீதிமன்றங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். காவல் நிலையத்தோடு பழகிய அதே முகங்கள் வழக்குதோறும் வரும்; அல்லது கிராம நிர்வாக அலுவலர் வருவார்; அல்லது கையெழுத்து மட்டும் எனது, எதையும் பார்க்கவில்லை என்று சாட்சி பிறழ்வார். ஆனால் பதிவு செய்யாவிட்டால் என்ன விளைவு என்பதைப் புதிய பிரிவும் சொல்லவில்லை. 1898இன் மௌனம் 2023இலும் தொடர்கிறது.

இதற்கிடையே கைப்பற்றப்படும் பொருளே மாறிவிட்டது. 1908இல் அதிகாரி கையில் எடுத்தது ஒரு பெட்டி மண். இன்று எடுப்பது கைபேசியை, மடிக்கணினியை. அதற்குள் கடிதமும் நாட்குறிப்பும் மருத்துவச் சீட்டும், பத்தாண்டு ஆய்வுக் குறிப்புகளும், களப்பணியில் பெயர் சொல்ல வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு பேசியோரின் குரல்களும் உள்ளன. ராம் ராமசாமி உள்ளிட்ட கல்வியாளர் ஐவர், கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறை வேண்டி உச்ச நீதிமன்றத்தை அணுகியதன் காரணம் இதுவே. 2023 நவம்பரில், ஊடகவியலாளர்களின் கருவிகள் பற்றிய மனுவை விசாரித்த நீதிமன்றம், இது கவலைக்குரிய பொருள் என்று கூறி நெறிமுறை வகுக்குமாறு ஒன்றிய அரசைக் கேட்டது. பழைய சட்டத்தின் கோடும் இங்கே அழிகிறது. சொல் வேறு, பொருள் வேறு என்று அச்சட்டம் பிரித்திருந்தது. கைபேசி என்ற பொருளுக்குள் இருப்பதெல்லாம் சொற்களே. காவலரிடம் சொன்னால் ஏற்கப்படாத சொல், கருவியிலிருந்து எடுத்தால் ஏற்கப்படும்.

வீட்டைச் சோதிக்கும்போது வாசலில் இருவர் நிற்கலாம். எந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். கருவியொன்று முத்திரையிடப்பட்டு ஆய்வகத்துக்குச் சென்ற பின், அதற்குள் நடக்கும் தேடலுக்கு எந்த அயலார் சாட்சி? எது தேடப்பட்டது, எது தற்செயலாகப் படிக்கப்பட்டது, எது புதிதாக வைக்கப்பட்டது என்பதற்கு யார் ஒப்பமிடுவார்? மகஜர் என்ற சொல்லின் வேர் கேட்பது இதைத்தான்: அப்போது அங்கே யார் இருந்தார்கள்? சித்தரஞ்சன் தாஸ் 1909இல் கேட்டது இன்னொன்று: யாருமே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்குச் சட்டம் காலத்துக்குக் காலம் புதுப்புது விடைகளை எழுதிவருகிறது. இரண்டாம் கேள்விக்குப் போதைப்பொருள் வழக்குகளுக்கு வெளியே ஜென்கின்ஸின் விடையே இன்றும் நடப்பில் இருக்கிறது.